சுருதி நிற்காத சிவப்புக் கிதார்

கிதாருக்குச் சுருதி சேர்க்கிற வேலையில் இருப்பவர்கள் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டு ரசித்திருக்க மாட்டார்கள். அடுத்து எந்தக் கம்பி இறங்கப்போகிறது என்பதிலேயே காது இருக்கும். வீட்டில் எலெக்ட்ரிக் கிதார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வைத்திருக்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்து ரிட்டயர் ஆனவள். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. என் வீட்டுக்காரர் தேவராஜ் அதே கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷன். கால் மாதிரி இருக்கும் அச்சின் மேல் தோலை இழுத்து மாட்டி ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற இடம் அது. அந்த மெஷின் சத்தத்தில் அவருடைய இடது காது பாதி போய்விட்டது. விரல்கள் போகவில்லை. சலீம் பாய் நடத்துகிற ஆர்கெஸ்ட்ராவில் லீட் கிதார் அவர்தான். வாசிப்பது அவர், சுருதி பார்ப்பது நான். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு கிதார். ஒன்று மேடையில் அவர் தோளில் இருக்கும், மற்றது மேடைக்குப் பின்னால் என் மடியில். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வோம். ஜனங்கள் முன்னால் வர எனக்குக் கூச்சம். திரையின் ஓரத்தில் கையை மட்டும் நீட்டுவேன்.

ஒரு ஜோடி ஷூவில் இடதிலும் வலதிலும் தையல் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய புத்தி என்னுடையது. கம்பியிலும் அதைத்தான் செய்கிறேன். இரண்டு கம்பியை ஒரே சுரத்தில் வைத்துச் சேர்த்துத் தட்டினால், சேராத சுருதி ஊவ் ஊவ் என்று ஆடும். அந்த ஆட்டத்தை எண்ணுவேன். திருகைத் திருப்பத் திருப்ப ஆட்டம் மெதுவாகும். நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கிதாரின் தலையில் கிளிப் மாதிரி மாட்டுகிற டியூனரும் எங்களிடம் உண்டு. சரியானால் பச்சை விளக்கு எரியும். டிரம் அடிக்க ஆரம்பித்தால் அந்த அதிர்வில் விளக்கு பைத்தியம் பிடித்த மாதிரி மாறி மாறி எரியும். அந்த நேரத்தில் மெஷினைவிடக் காது நிதானமானது.

வேனில் வெந்தது, ஹாலில் விறைத்தது

சித்திரை வெயில். ஆம்பூரில் ஒரு பெரிய கல்யாண மண்டபம். எங்களுக்கு உள்ளே இடம் ஒழியவில்லை என்று வேனிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். கிதார் பெட்டியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. வேறு வழியில்லாமல் வேனிலேயே உட்கார்ந்து இரண்டு கிதாருக்கும் சுருதி சேர்த்தேன். பாய் கூப்பிட்டதும் உள்ளே போனோம். ஹால் முழுக்க ஏசி. கம்பி இரும்பு ஆயிற்றே, சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். அவர் மேடையேறி முதல் தட்டுத் தட்டுவதற்குள் ஆறு கம்பியும் விறைத்து மேலே ஏறிவிட்டன. நிறுத்திச் சரிசெய்தார். வீடியோக்காரர் பெரிய விளக்கை அவர் மேல் திருப்பினார். அந்தச் சூட்டில் கம்பிகள் மறுபடி இறங்கின. பாட்டுக்கு நடுவில் மறுபடி நிறுத்தினார். பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வரைக்கும் அவர் வாசித்ததைவிடத் திருகியதுதான் ஜாஸ்தி.

கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது சலீம் பாய் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் நாலு பேர் முன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், அவருக்கு நல்ல காது எதுவோ அந்தப் பக்கமாக நின்று, மெதுவாகச் சொன்னார்:

"தேவராஜ்ணா, ஜனங்க நம்மள பாட்டுக்குத்தான் கூப்பிட்றாங்க, ரிப்பேர் வேல பாக்குறதுக்கு இல்ல. ஆடி மாசம் நெமிலி திருவிழா வரைக்கும் பாக்குறேன். அங்கயும் இப்டி நின்னு நின்னு போச்சின்னா, கிதார் பார்ட்ட சதீஷே கீபோர்டுல வாசிச்சிடட்டும். மனசுல வச்சிக்காதீங்க."

அச்சில் ஏற்றிய கம்பி

அவர் மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பார்? வீடு வந்து சேரும் வரை பஸ்ஸில் முழங்கால் மேல் அவர் விரல்கள் பாட்டு வாசித்துக்கொண்டே வந்தன. வீட்டிலேயே வாசித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. டிரம் அதிர, ஒருத்தர் பாட, அதற்கு நடுவில் சரியான இடம் பார்த்து நுழைந்து வாசிக்கிற சந்தோஷம் வீட்டில் கிடைக்காது. கம்பெனியை விட்டு வந்த பிறகு அவருக்கு என்று மிச்சம் இருந்தது அந்த இடம் ஒன்றுதான். அது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் நெமிலி வரைக்கும் நாங்கள் பட்ட பாடெல்லாம்.

முதல் வேலையாகப் புதுக் கம்பி வாங்கினார். புதுக் கம்பி மாட்டியவர்களுக்குத் தெரியும், அது இரண்டு மூன்று நாளைக்கு இழுபட்டு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் யோசித்தார். "தோல அச்சில இழுத்து வச்சி அப்டியே வுட்டா, அது ஒக்காந்துக்கும் எஸ்தர். அப்புறம் கழட்டினாலும் மாறாது. கம்பியும் அப்டித்தான் இருக்கணும்" என்றார். நான் சந்தேகப்பட்டேன், ஆனால் லாஸ்டிங்கில் அவர் இழுத்து மாட்டிய ஷூ ஒன்றுகூட என் டேபிளில் இருந்து திரும்பிப் போனதில்லை. சனிக்கிழமை சிவப்புக் கிதாரின் ஆறு கம்பியையும் இருக்க வேண்டியதற்கு ஒரு கட்டை மேலேயே முறுக்கி, ஷூவை வைக்கிற மாதிரி பத்திரமாகப் பெட்டியில் வைத்து மூடினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து திறந்தால், மெல்லிசுக் கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. மற்ற ஐந்தும் பலகையை விட்டு எழும்பி நின்றன. இடுக்கில் என் சுண்டு விரல் நுழைந்தது. கிதாரின் கழுத்து வில் மாதிரி முன்னால் வளைந்துவிட்டது. தளர்த்திய பிறகும் முழுசாக நிமிரவில்லை.

வேலூரில் ஒரு மாடி அறையில் கிதார் ரிப்பேர் செய்கிறவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தார். செக்கிங்கில் தையல் நேராக இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிற அதே பார்வை. எனக்கு அவர் மேல் அப்போதே மரியாதை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "எந்த செக்‌ஷன் சார் நீங்க?" என்றுதான் கேட்டார். கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறதாம். அதை ஒரு சாவியால் கால் சுற்றுத் திருப்பி, எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மரம் பழகட்டும் என்று காத்திருந்து, இன்னும் கொஞ்சம் திருப்பினார். புதுக் கம்பியைச் சரியான சுருதியிலேயே வைத்து, விரலால் மெதுவாக வெளியே இழுத்து விட்டு, இறங்கினதை மறுபடி ஏற்ற வேண்டும், அது இறங்குவதை நிறுத்துகிற வரைக்கும் அப்படியே செய்ய வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். கிதாரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்:

"சார், தோல இழுத்தா அடங்கிடும். கம்பிய இழுத்தா அது அடங்காது, பக்கத்துல இருக்குற மரத்து மேல கோவத்தக் காட்டும்."

பூட்டுக்காரரின் பென்சில்

கழுத்து நிமிர்ந்தது, மூணாவது கம்பி மட்டும் திருந்தவில்லை. இது உங்கள் வீட்டிலும் இருக்கிற தொல்லைதான், எனக்குத் தெரியும். கம்பிகள் கழுத்தைத் தாண்டித் தலைக்குப் போகிற இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதில் ஆறு வெட்டு. மூணாவது கம்பி தன் வெட்டில் மாட்டிக்கொள்ளும். திருகைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் 'டிங்' என்று ஒரே தாவாகத் தாவி, வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் உட்காரும். நூலுக்குத் தடவுகிற மெழுகைக் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். தையல் செக்‌ஷனில் அது பண்ணாத மாயம் இல்லை. இங்கே வெயிலில் இளகி, பிசின் மாதிரி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

கிதார் பெட்டியின் பூட்டுக்குச் சாவி தொலைந்துபோய், பஜாரில் பூட்டுக்காரரிடம் போயிருந்தேன். ரோட்டோரம் ஒரு மேஜை, அதன் மேல் குவியலாகச் சாவி. புதுச் சாவி ராவி முடித்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற பென்சில் ஒன்றை எடுத்துச் சாவியின் பல் முழுக்கத் தேய்த்தார். பூட்டுக்குள் விட்டுத் திருப்பினார். சத்தமே இல்லாமல் திறந்தது. நான் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாம்மா, தொறந்திச்சி இல்ல, கெளம்பலயா?" என்றார்.

"இதுல ஏன் எண்ணெய் வுடல?" என்று கேட்டேன். கூச்சப்படுகிற ஆள் நான். முன்பின் தெரியாத மனிதரிடம் கேள்வி கேட்டது எனக்கே ஆச்சரியம். அன்றே வீட்டுக்கு வந்து மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த வெட்டில் பென்சிலைத் தேய்த்தேன். 'டிங்' நின்றது. திருகு எவ்வளவு திரும்பியதோ அவ்வளவே கம்பியும் ஏறியது. பூட்டுக்காரர் கிதாரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் என் கேள்விக்கு அவர் சொன்ன பதிலில் பாதிக் கிதார் இருந்தது:

"எண்ணெ வுட்டா அன்னிக்கு வழவழன்னு இருக்கும், அப்புறம் ஊரு தூசியெல்லாம் உள்ள வந்து குடும்பம் நடத்தும். கரி அப்டி இல்லம்மா, யாரையும் கூட்டிக்கினு வராது."

சுவருக்கு அந்தப் பக்கம்

எங்களுக்கும் பக்கத்து வீட்டு நூர்ஜஹானுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தினமும் சாயங்காலம் நான் சுருதி பார்க்கும்போது அவள் அந்தப் பக்கம் சமையல் வேலையில் இருப்பாள். பாட்டு கற்றவள் இல்லை. ஆனால் வெங்காயம் நறுக்குகிற சத்தத்துக்கு நடுவிலேயே குரல் வரும்: "எஸ்தரு, மூணாவது அழுவுது!" போய்ப் பார்த்தால் மூணாவது இறங்கித்தான் இருக்கும். எட்டு தடவை சொன்னால் எட்டு தடவையும் சரி. ஒரு தடவை டியூனரில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் அவள் இல்லை என்றாள். நான் காதை வைத்து ஆட்டத்தை எண்ணிப் பார்த்தேன். அவள்தான் சரி. டியூனரில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

பென்சில் வைத்தியம் செய்த அன்று நான் ஒன்றும் சொல்லாமல் எல்லாக் கம்பியையும் வரிசையாகத் தட்டினேன். அந்தப் பக்கத்தில் இருந்து சத்தமே இல்லை. நிறுத்தி, மறுபடி தட்டினேன். அப்போதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே நூர்ஜஹான் வாசலில் வந்து நின்றாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா எஸ்தரு, ஒடம்பு கிடம்பு சரியில்லயா? மூணாவது அழுவவே இல்லயே."

தோல் காய்கிற கொட்டகை

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றின் வாட்ச்மேன் கிதாரோடு வந்தார். வேலூர்க்காரர், எங்கள் கச்சேரியைக் கேட்டவர். ஆசைப்பட்டுப் பழைய கிதார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரிலேயே ஈரம் இல்லாத இடம் எது என்று யோசித்து, தோல் காயப்போடுகிற கொட்டகையில் தோல்களுக்கு நடுவில் தொங்கவிட்டிருக்கிறார். கோடை முழுக்க அனல் காற்று. மரம் சுருங்கிவிட்டது, கழுத்தின் குறுக்கே பதித்த இரும்புக் கோடுகள் சுருங்கவில்லை. இரண்டு ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி அவை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாவம், அவர் கையெல்லாம் கீறல். அந்தக் கீறலோடும் தினமும் வாசித்துப் பார்த்திருக்கிறார் என்பதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஷூ அடிப்பாகத்தை ராவுகிற அரத்தை எடுத்து, ஒவ்வொரு ஓரமாகப் பொறுமையாக ராவி, விரலை ஓட்டிப் பார்த்து, மறுபடி ராவிக் கொடுத்தார். நான் சுருதி சேர்த்தேன். கிதாரை வீட்டுக்குள், மனிதர்கள் படுக்கிற அறையில் வையுங்கள், நமக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அதுதான் அதற்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வாட்ச்மேன் கிதாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இம்மாந் தோலு அங்க ஜம்முனு காயுது, இதுக்கு மட்டும் ஒத்துக்கலயா? சரி, இனிமே என் பக்கத்துலயே படுக்க வச்சிக்கிறேன், பொண்டாட்டிகிட்ட நீங்கதான் வந்து சொல்லணும்."

சதீஷ் வந்த ஞாயிற்றுக்கிழமை

நெமிலிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முதுகில் கட்டிய கீபோர்டோடு சதீஷ். ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவன், வயது முப்பது இருக்கும், வாணியம்பாடி. உள்ளே வந்தவன் உட்காராமல் நின்றான். "அண்ணா, கிதார் பார்ட்டெல்லாம் எதுக்கும் ரெடி பண்ணி வச்சிக்கோன்னு பாய் சொல்லிட்டாரு. ஒங்களுக்குத் தெரியாம கத்துக்க எனக்கு மனசு வரல. அதான் ஒங்ககிட்டயே வந்துட்டேன்" என்றான்.

இன்னொருத்தராக இருந்தால் அன்று என்ன பேசியிருப்பார்களோ. என் வீட்டுக்காரர் கறுப்புக் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எந்தப் பாட்டுடா மொதல்ல?" என்றார். ஒவ்வொரு பார்ட்டையும் மெதுவாக, விரல் தெரிகிற மாதிரி வாசித்துக் காட்டினார். சதீஷ் கீபோர்டில் பிடித்தான். தவறினால் இவர் திருத்தினார். அவனுக்குச் சாப்பாடு போட்டேன். இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. தன் இடத்துக்கு வரப்போகிறவனுக்குத் தப்பில்லாமல் சொல்லிக் கொடுக்கிறவரையும், அதைக் கேட்டு வாங்க நேராக வாசலுக்கே வந்தவனையும் ஒரே அறையில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்து கீபோர்டைப் பையில் வைக்கும்போது சதீஷ் தலையைச் சொறிந்துகொண்டான்.

"நோட்டெல்லாம் புடிச்சிட்டேன்ணா. ஆனா நீங்க நடுவுல ஒரு கம்பிய வளச்சி அழ வைப்பீங்களே, அதுக்கு இதுல ஒரு வீலு இருக்குது. திருப்பிப் பாத்தேன், பஸ்ஸு டிப்போவுக்குத் திரும்புற மாதிரி இருக்குது."

நெமிலியில் கரண்டு போனபோது

நெமிலியில் கோயில் வாசலுக்கு எதிரே மேடை. சுற்று வட்டாரத்து ஜனமெல்லாம் வயல் வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. பாடுகிற விமலாவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை கீழே வைத்துக்கொள்ளலாம் என்று பாய் முடிவு செய்தார். கீபோர்டில் அது ஒரு பட்டனை அழுத்துகிற வேலை. எனக்கு இரண்டு கிதாரிலும் பன்னிரண்டு கம்பியையும் இறக்கிச் சேர்க்கிற வேலை. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கி, இழுத்து, மறுபடி பார்த்து, சிவப்பை அவரிடம் கொடுத்தேன். கறுப்பு என் மடியில். முதல் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நிறுத்தம் இல்லை. இரண்டாவது பாட்டு பாதியில் கரண்டு போய்விட்டது. ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஜெனரேட்டர் போட்டார்கள். விளக்கு வந்தது. சதீஷ் கீபோர்டில் பாட்டைத் திரும்ப ஆரம்பித்தான், விமலா அதைப் பிடித்துக்கொண்டு பாடினாள், என் வீட்டுக்காரர் நுழைந்தார். பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். கிதார் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். விமலா மேலே ஏற முடியாமல் இருமினாள். எல்லோருடைய தலையும் கிதார் பக்கம்தான் திரும்பியது. மேடை ஓரத்தில் மிக்சரில் இருந்த சலீம் பாய் கிதாரின் பட்டன் மேல் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

நான் மடியில் இருந்த கறுப்பைத் தட்டினேன். மேடையில் கேட்ட சிவப்பும் இதுவும் ஆட்டமே இல்லாமல் ஒன்றாக நின்றன. ஒரு கிதார் விலகலாம். மேடையில் விளக்குச் சூட்டில் இருக்கிற ஒன்றும், பின்னால் காற்றில் இருக்கிற ஒன்றும், பன்னிரண்டு கம்பியும் சேர்ந்து ஒரே அளவு விலகாது. கிதார் சரி. எழுந்து பார்த்தால், அவர் தன் காது மேல் நம்பிக்கை போய், திருகின் மேல் விரலை வைத்துவிட்டார். ஏற்றப்போகிறார். ஏற்றினால் ஆறு கம்பியும் போகும், பாட்டும் போகும், பாய் கை வைத்திருக்கிற பட்டனும் அமுங்கிவிடும். திரை ஓரத்தில் கையை நீட்டினால் எட்டாது. கூப்பிட்டால் அந்தப் பக்கக் காதுக்குக் கேட்காது. எப்படிப் போனேன் என்று தெரியாது, அத்தனை வெளிச்சத்தில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், மேடை நடுவில் நின்று அவர் கையைப் பிடித்திருந்தேன். "தொடாதீங்க. நம்மளுது சரியா இருக்குது" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். திருகில் இருந்து விரலை எடுத்தார். எடுத்து, நான் சேர்த்துக் கொடுத்த சுருதியிலேயே, முன்னைவிட அழுத்தமாக வாசித்தார். முப்பத்தெட்டு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிறேன். அந்த ஒரு விரலை அவர் எடுத்ததைப் போல வேறெதுவும் எனக்கு மனசில் நின்றதில்லை.

சதீஷ் கிதாரைக் கேட்டான். கீபோர்டைக் குனிந்து பார்த்தான். கரண்டு போய் வந்ததில் அவன் அழுத்தி வைத்திருந்த பட்டன் அழிந்து, கீபோர்டு பழைய சுருதிக்கே திரும்பியிருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், கிதாரின் இடம் அவனுக்குத்தான். அவன் மைக்கை இழுத்து, "மன்னிச்சிக்குங்க, தப்பு கீபோர்டுது. அண்ணன் கிதார் கரெக்டு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தினான். பாட்டு சேர்ந்தது. விமலாவின் குரல் சிரமமில்லாமல் மேலே போனது. அவர் அந்த ஒரு கம்பியை வளைத்தார். ஜனம் விசிலடித்தது. நான் எப்படியோ திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மிச்சக் கச்சேரி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லாம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டே சலீம் பாய் எங்களிடம் வந்தார். கடைசிச் சுற்றை இறுக்கிக் கட்டிவிட்டுச் சொன்னார்:

"தேவராஜ்ணா, அடுத்த வாரம் பாகாயத்துல ஒரு ப்ரோக்ராமு, கிதாரோட வந்துருங்க. அக்காவுக்கு ஸ்டேஜ் மேலயே ஒரு சேர் போடச் சொல்லிட்டேன். அக்கா தெனம் இந்த ஓட்டம் ஓடினா நமக்குக் கிதாருக்கு ஆள் இருக்கும், காதுக்கு ஆள் இருக்காது."

ஆறு கம்பி, ஆறு திருகு, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று எண்ணிப் பார்த்தால், இத்தனை இழுப்புக்கும் இதுவரை அறுந்துபோகாதது அந்த ஆள் மட்டும்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் நிறைய ஆச்சரியமும் உண்டு.